புது பெல்லட் ஸ்மோக்கர்: கோழி வெந்தது, புகை வாசனை எங்கே?

லாஸ்பேட்டைக்காரன்:
பிரான்சிலிருந்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த மச்சான், பெட்டி பிரிக்காத ஒரு பெல்லட் ஸ்மோக்கரையும் (கரண்டில் ஓடி, மரத்துண்டு எரித்துப் புகையிலும் சூட்டிலும் கறி வேகவைக்கும் அடுப்பு) சாமான்களோடு ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கொல்லையில் இறக்கிவிட்டார். அங்கேயும் 230 வோல்ட் என்பதால் பிளக் பின்னுக்கு அடாப்டர் மட்டும் போதுமாக இருந்தது. அதில் எரிக்கும் பெல்லட்டை, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த குட்டிக் குச்சிகளைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, மாடு வாங்கிட்டீங்களா என்று கேட்டார். அச்சு அசல் மாட்டுத் தீவனம் மாதிரிதான் இருக்கிறது.

முதல் நாள் ஒன்றும் வைக்காமல் முக்கால் மணி நேரம் முழுச் சூட்டில் ஓட்டினேன், உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் எரிந்து போகட்டும் என்று. அடுத்த நாள் தயிர், மிளகாய்த்தூள் தடவி முழுக்கோழி ஒன்று, 110 டிகிரி செல்சியஸ், மூன்றேகால் மணி நேரம். நடுவில் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை, அடுப்பை விசிறவில்லை, உட்கார்ந்து பேப்பர் படித்தேன், அந்த வகையில் சொர்க்கம். கறி பஞ்சு. ஆனால் தோல் சைக்கிள் டியூப். புகை வாசனையோ, மூக்கைக் கிட்டே கொண்டுபோனால்தான் தெரிகிறது.

இரண்டாவது வாரம், பெல்லட்டைத் தீக்குத் தள்ளும் திருகான ஆகர் ‘கர்ர்’ என்று முனகிவிட்டு நின்றே போனது. பெல்லட் கொட்டி வைக்கும் தொட்டியான ஹாப்பரில் கை விட்டால் பாதி பெல்லட் மரத்தூளாகிக் கிடக்கிறது. மெஷின் கோளாறா, என் கோளாறா?

முதுநகர் மீன்குழம்பு:
உங்கள் கோளாறுதான் அண்ணா, கோபப்படாதீர்கள். பெல்லட்டில் பசை எதுவும் சேர்ப்பதில்லை, மரத்தூளைச் சூட்டோடு அழுத்தும்போது மரத்திலேயே இருக்கும் லிக்னின்தான் பிடித்துக்கொள்கிறது. ஈரக்காற்று பட்டால் முறுக்கு நமுத்துப்போகிற மாதிரி நமுத்து, ஊதி, பொடியாகிவிடும். நாம் இருப்பது கடலோரம், ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். சமைத்து முடித்ததும் ஹாப்பரைக் காலி செய்து, இறுக்கமான மூடி போட்ட பக்கெட்டில் கொட்டி வையுங்கள். ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள்: படக்கென்று ஒடிந்தால் நல்லது, வளைந்தாலோ உதிர்ந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

அடைப்புக்கு: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹாப்பரை வழித்தெடுத்து, ஆகரைக் கழற்றிப் பின்பக்கமாகத் திருப்புங்கள், கட்டி உடைந்து வரும். தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நான் ஊற்றினேன். சிமென்ட் போட்ட மாதிரி இறுகி, ஸ்க்ரூ டிரைவரால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குத்திக்கொண்டிருந்தேன்.

வில்லியனூர் டிரம் பார்ட்டி:
இதுக்குத்தான் சொல்றது, பழைய டிரம்மை ரெண்டாக வெட்டி சவுக்குக் கரி போட்டால் கரண்டும் வேண்டாம், ஆகரும் வேண்டாம். புகை அள்ளும்.

லாஸ்பேட்டைக்காரன்:
அள்ளும் சார், கண்ணையும் சேர்த்து. எனக்கு வேண்டியது பேப்பர் படிக்கும் அந்த மூன்று மணி நேரம்.

உப்பளம் அடுப்படி:
டிரம் அண்ணன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஃபேன் காற்றில் பெல்லட் சுத்தமாக எரிவதால் கரி அளவுக்குப் புகை வராது, மெஷினின் சுபாவமே அது. சூடு குறைவாக இருக்கும்போதுதான் புகை அதிகம், எனவே முதல் ஒரு மணி நேரத்தை 90-க்குப் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். இன்னும் வேண்டுமென்றால் ஸ்மோக் டியூப் என்று துளை போட்ட இரும்புக் குழாய் கிடைக்கிறது, அதில் பெல்லட்டை நிரப்பி ஒரு முனையைப் பற்றவைத்து உள்ளே ஓரமாகப் படுக்க வைத்துவிடலாம்.

தோல் விஷயம் வேறு. தயிர்தான் கெடுத்தது. முந்தின ராத்திரி உப்பு, மிளகு மட்டும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள், தோல் காய்ந்து காகிதம் மாதிரி ஆகட்டும். கடைசி இருபது நிமிடம் 220-க்கு ஏற்றுங்கள். நெஞ்சுப் பகுதியின் உள்சூடு 74 வந்தால் வெந்துவிட்டது, மணியைப் பார்க்காமல் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

பெல்லட் தீர்ந்ததும் பாய்லருக்கு விற்கிறார்களே, மலிவு என்று அதை வாங்கிவிடாதீர்கள். அதில் பிளைவுட் தூளா, பெயின்ட் அடித்த பலகையா, என்ன அரைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

முதுநகர் மீன்குழம்பு:
ஒன்று விட்டுப்போச்சு. நடுவில் கரண்ட் போனால் ஃபேன் நின்று, தீ ஆகர் வழியாக ஹாப்பருக்கு மெதுவாக ஏறப் பார்க்கும். சின்ன இன்வெர்ட்டரில் போட்டுவிடுங்கள், பற்றவைக்கும் சில நிமிடம்தான் 300 வாட் அளவுக்கு இழுக்கும், அப்புறம் ஒரு டேபிள் ஃபேன் அளவுதான். அணைந்துபோனால், பெல்லட் எரிகிற தீக்கிண்ணத்தில் குவிந்த பெல்லட்டை அள்ளி எறியாமல் மறுபடி ஸ்விட்ச் போடவே கூடாது, மொத்தமாகப் பற்றும்.

லாஸ்பேட்டைக்காரன்:
ஆகர் விடுபட்டது. நேற்று உப்பளம் சொன்ன மாதிரியே செய்தேன், தோல் கத்தி பட்டதும் ‘மொறுக்’ என்றது, சின்னவள் தோலை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு ஓடிவிட்டாள். ஸ்மோக் டியூப் இன்னும் வாங்கவில்லை. வரும் ஞாயிறு கானாங்கெளுத்தி வைக்கலாம் என்று இருக்கிறேன், உப்புத் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறணும்?

முதுநகர் மீன்குழம்பு:
கால் கிலோ மீன் என்றால் ஒரு மணி நேரம். எடுத்துத் துடைத்து, ஃபேனுக்கு அடியில் தொட்டால் லேசாக ஒட்டுகிற பதம் வரும் வரை காயவிடுங்கள். பூனையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.