மறு: பந்தேந்தியின் ‘மூவ்’களுக்குத் தமிழில் என்ன?

> ஜூக் = ஏமாற்று நகர்வு; ஸ்பின் = சுழற்சி நகர்வு; ஸ்டிஃப் ஆர்ம் = விறைப்புக்கை நகர்வு; ஹர்டில் = தடைதாண்டு நகர்வு; ட்ரக் = சரக்குந்து நகர்வு

ஐயா, வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடும் பந்தேந்தியின் ‘மூவ்’களுக்கு நீங்கள் தந்த பட்டியலுக்கு நன்றி. முதல் நான்கில் பொருள் பிழை இல்லை. சரக்குந்தைப் படித்துவிட்டுத்தான் கொஞ்ச நேரம் சிரித்தேன். ஆனால் மேடன் என்ற அமெரிக்கக் கால்பந்துக் காணொளி விளையாட்டில் இவை பொத்தானுக்குப் பக்கத்தில் வர வேண்டிய சொற்கள். ‘விறைப்புக்கை நகர்வு’ என்று படித்து முடிப்பதற்குள் பந்தேந்தி மண்ணைக் கவ்வியிருப்பான். பொத்தானுக்கு ஏவலாகவும் வீரரின் திறன் அட்டவணைக்குப் பெயராகவும் ஒரே வேரிலிருந்து சொல் வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் ‘மூவ்’. நகர்வு என்றால் எனக்குச் சதுரங்கக் காய்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே காலும் கையும் உடம்பும் சேர்ந்து பழகிய ஒரு சிறு அலகு. அதற்கு ‘அடவு’ இருக்கிறதே! பரதத்தில் மட்டுமல்ல, சிலம்பத்திலும் அதே சொல்தான். பந்தேந்தி அடவுகள் என்று சொல்லிப் பாருங்கள்.

ஜூக் என்பது பிடிக்க வருபவனுக்கு இடப்பக்கம் போவதுபோல் உடம்பைச் சாய்த்துக் காட்டிவிட்டு வலப்பக்கம் வெட்டி ஓடுவது. டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு பாரி சாண்டர்ஸ் ஆடிய ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இதற்குப் ‘போக்குக்காட்டு’. சின்ன வயதில் ஓடிப்பிடித்து விளையாடும்போது நாம் சொன்னதும் அதுதான். ‘ஏமாற்று’ என்றால் எப்படி ஏமாற்றினான் என்று தெரியாது, இதில் தெரிகிறது.

ஸ்பின் வெறும் ‘சுழல்’. அதில் வாதமே இல்லை.

ஸ்டிஃப் ஆர்முக்குத்தான் இரண்டு நாள் போனது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பைச் சிலை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறதே, அந்த நிலை. சாயும் சுவருக்குக் கொடுப்பதுபோல் ‘முட்டுக்கை’ என்று முதலில் எழுதிவைத்தேன். அப்புறம் ட்ரக் வந்து கெடுத்தது. எதிரே நிற்பவனைத் தோளால் இடித்துச் சாய்ப்பதற்கு ‘முட்டு’ என்பதைவிட நல்ல சொல் கிடையாது. விளையாட்டில் இந்த இரண்டுக்கும் வேலை வேறு: பக்கவாட்டில் துரத்தி வருபவனுக்குக் கை, நேரெதிரே வருபவனுக்குத் தோள். சொற்கள் ஒன்றுபோல் ஒலித்தால் புதியவர் குழம்புவார். ‘கையூன்று’ என்றாலோ, தடுமாறியவன் தரையில் கை வைத்துச் சமாளிப்பதுபோல் ஆகிவிடுகிறது. கடைசியில் ‘எட்டித்தள்ளு’ என்பதில் வந்து நின்றேன். 2020இல் பந்தேந்தி டெரிக் ஹென்றி தன்னைப் பிடிக்க வந்த ஜாஷ் நார்மனை ஒரு கையால் வீசியெறிந்ததற்கு இது பொருந்துகிறதா என்று ஓட்டிப் பார்த்தேன், பொருந்துகிறது. திறன் அட்டவணையில் ‘எட்டித்தள்ளல்’.

ஹர்டில், ‘தாண்டு’ போதும். தடை என்று சேர்த்தால் ஓட்டப்பந்தயக் கட்டை ஞாபகம் வரும். இங்கே தாண்டுவது ஆளை. பச்சைக்குதிரை என்று வைக்க ஆசைதான், ஆனால் அதில் முதுகில் கை ஊன்ற வேண்டும். டைவ் ‘பாய்’, ஸ்லைடு ‘சறுக்கு’. பந்தை நெஞ்சோடு இறுக்குவதற்குப் ‘பந்தணை’.

டெட் லெக்குக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஓட்டத்தின் நடுவே ஒரு கணம் காலைத் தயங்கவிட்டு, எதிராளி நின்றதும் மறுபடி கிளம்புவது. யாராவது சொல்லுங்கள்.

—

> ‘அடவு’ என்பதில் வந்து நின்றால் நான் உடன்படுகிறேன்

இப்படி யாரோ சொல்வார்கள் என்று காத்திருந்தேன், நானே சொல்லிவிடுகிறேன். பட்டியலை அனுப்பியவன் நான்தான், சரக்குந்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். போக்குக்காட்டு மட்டும் பொத்தானுக்கு நீளம். ‘போக்கு’ என்று குறுக்கினால் பொருள் போய்விடும், ஆகவே எழுத்தின் அளவைத்தான் குறைக்க வேண்டும். டெட் லெக்குக்கு ‘கால்தயங்கு’ சரிவருமா? உங்கள் விளக்கத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது.