பெர்முக்கு ‘மறைப்புக்கரை’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

புதிதாக எழும் குடியிருப்பை அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் பார்வையிலிருந்து மறைப்பதற்காக, எல்லையோரத்தில் மண்ணை நீளமாகக் கொட்டி, இரு புறமும் சரிவு கொடுத்து, மேலே செடிகளை நட்டு வளர்க்கும் ‘பெர்ம்’ (berm) என்ற அமைப்புக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த விடைகளில் ‘மண்மேடு’, ‘மண்ணணை’, ‘பசுமை அரண்’, ‘மண்திரை’ ஆகிய நான்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. நான்கையும் எடைபோட்டுப் பார்த்தபின் ‘மறைப்புக்கரை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளைப் பிரித்துக்கொள்வோம். ‘பெர்ம்’ கோட்டைக் கட்டுமானத்தில் வழங்கிய சொல். அகழிக்கும் மதிலின் அடிக்கும் இடையே விடப்பட்ட குறுகிய சமதளத்தை அது குறித்தது. பாசனப் பொறியாளர்கள் இன்றும் அதற்கு நெருங்கிய பொருளிலேயே அதை ஆள்கிறார்கள். வாய்க்கால் வெட்டின் விளிம்புக்கும் கரையின் உள்ளடிக்கும் நடுவே விடும் தளமும், உயரமான மண் அணையின் சரிவில் இடையே விடும் படியும் அவர்களுக்குப் பெர்ம்தான். நிலவடிவமைப்பாளர்களோ அதே சொல்லால் ஒரு முழு மண்குவிப்பைக் குறிக்கிறார்கள். பிரிட்டனில் இதையே ‘பண்ட்’ என்பதும் உண்டு; அது பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். ஆகவே அகரமுதலியில் ‘பெர்ம்’ என்ற ஒரே பதிவின் கீழ் ஒரே தமிழ்ச்சொல்லைப் போட்டுவிட்டால், கீழ்பவானி வாய்க்கால் வரைபடத்தைப் படிப்பவரும் மனைப்பிரிவு வரைபடத்தைப் படிப்பவரும் வெவ்வேறு உருவங்களை நினைத்துக்கொள்வார்கள். பாசனப் பொருளுக்குக் ‘கரைப்படி’ என்று தனிப்பதிவு வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இனி, வந்த சொற்கள். ‘மண்ணணை’ என்று கொங்கு நாட்டில் யாரிடம் சொன்னாலும் பவானிசாகர்தான் நினைவுக்கு வரும். 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நீண்ட மண் அணை இந்தப் பகுதியின் பாசனத்துக்கே முதுகெலும்பு. நீரைத் தேக்காத ஒரு குவிப்புக்கு அதே சொல்லைக் கொடுப்பது முறையாகாது. ‘மண்ணணைப்பு’ என்று சற்றே மாற்றினாலும் தீராது, ஏனென்றால் ஈரோட்டு மஞ்சள் விவசாயிக்கு மண் அணைத்தல் என்பது களை எடுத்தபின் பாத்தியில் செடியின் தூரைச் சுற்றி மண்ணை ஏற்றிவிடும் வேலை.

‘மண்மேடு’ மிகவும் பொதுவான சொல். கிணறு வெட்டிக் கொட்டிய மண்ணும் மண்மேடு, பழைய ஊர் புதைந்து கிடக்கும் இடமும் மண்மேடு. அளந்து, சரிவு வைத்து, ஒரு நோக்கத்தோடு கட்டப்பட்டது என்ற குறிப்பு அதில் இல்லை. ‘மண்திரை’ ஓசையில் அழகானது. ஆனால் திரை என்றால் மடித்துச் சுருட்டக்கூடிய மெல்லிய துணி என்றே மனம் எண்ணுகிறது, இங்கே நாம் பேசுவதோ அடிப்பகுதி மட்டும் முப்பது நாற்பது அடி அகலம் கேட்கும் அமைப்பு.

‘பசுமை அரண்’ என்பதை நான் கடுமையாகவே மறுக்கிறேன். நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என்ற மரபில் அரண் என்பது பகைவரைத் தடுப்பதற்கு உரியது. பக்கத்துத் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், தலைமுறைகளாக இருப்பவர் பகைவர் அல்லர். பல இடங்களில் மறைப்பு தேவைப்படுவதே அவருக்குத்தான். பல்லடம் பக்கத்தில் நான் பார்த்த ஒரு மனைப்பிரிவில், புது வீடுகளின் முதல்மாடிச் சன்னல்கள் அத்தனையும் ஒரு சாளையின் வாசலையும் தொட்டியையும் நேராகப் பார்த்தபடி இருந்தன. அந்த வீட்டு அம்மா பழைய சேலைகளை வேலிக்காலில் கட்டி மறைத்துக்கொண்டுதான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அங்கே கரை போட வந்த பொக்லைன் ஓட்டுநர் அவரிடம், “கவலப்படாதீங்கம்மா, கரை கட்டி முடிஞ்சா அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாதுங்க” என்றார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர் வாயில் வந்த சொல் கரை. செய்பவர் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை அடிச்சொல்லாக வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கரை என்றால் ஒரு பக்கம் தண்ணீர் இருக்க வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். ஏரிக்கரை, ஆற்றங்கரை என்ற தொடர்களால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் வேட்டிக்கும் சேலைக்கும் கரை உண்டு. சென்னிமலைத் தறிக்காரர் கரை என்று சொல்லும்போது நீரை நினைப்பதில்லை, துணியின் விளிம்பை நினைக்கிறார். விளிம்பு என்ற பொருளும், கட்டி உயர்த்திய நீண்ட மண் என்ற பொருளும் ஒரே சொல்லில் அமைந்திருப்பது நமக்கு வாய்ப்பு, ஏனெனில் நாம் பெயரிட விரும்பும் பொருள் எல்லையில்தான் நிற்கிறது, மண்ணால்தான் ஆகிறது. ‘வரப்பு’ என்பதற்கும் இவ்விரு பொருளும் உண்டு. ஆயினும் சம உயர வரப்பு என்று வேளாண் துறையில் அது மண், நீர் காப்புக்கு நிலைபெற்றுவிட்டது, உயரமும் அதில் அடங்காது.

முன்னொட்டு ‘மறை’யா, ‘மறைப்பு’வா என்பதில் எனக்குத் தயக்கமில்லை. ‘மறைகரை’ வினைத்தொகையாகச் சுருக்கமாக இருக்கிறது. ஆனால் தானே மறைந்துபோகும் கரை என்றும் பொருள் தந்துவிடும். ‘மறைப்புக்கரை’ என்றால் மறைப்பைத் தரும் கரை என்று மயக்கமின்றி விளங்கும். யார் யாரிடமிருந்து மறைகிறார்கள் என்பதையும் அது சொல்லாமல் விடுகிறது. இரு பக்கத்தாருக்கும் பொதுவாக நிற்கிறது.

அகரமுதலியில் சேர்க்கும்போது சொல்லை மட்டும் போடாமல் அளவையும் குறித்தால் படிப்பவருக்கு உருவம் மனத்தில் நிற்கும். புல் நிற்கவும் ஆள் ஏறி இறங்கிப் பராமரிக்கவும் ஏற்ற சரிவு, உயரம் ஒன்றுக்குக் கிடை மூன்று. உச்சியில் 2 அடி விட்டு 6 அடி உயரக் கரை கட்டினால் அடி அகலம் 38 அடி ஆகிறது. 100 அடி நீளத்துக்கு 12,000 கன அடி, அதாவது நம் வழக்கில் 120 யூனிட் மண் வேண்டும். உயரத்தை 4 அடியாகக் குறைத்தால் அடி அகலம் 26 அடி, மண் 56 யூனிட். இடமும் செலவும் பாதிக்குமேல் உயரத்தால்தான் தீர்மானமாகின்றன என்பதால், கரை பாதி, செடி பாதி என்று பகிர்ந்துகொள்வதே நடைமுறை. தரை சமமாக இருந்து, முதல்மாடிச் சன்னலில் நிற்பவரின் கண் 15 அடியிலும், எதிரே வாசலில் நிற்பவரின் தலை 5 அடியிலும் இருந்தால், இருவருக்கும் நடுவில் அமையும் கரையும் செடியும் சேர்ந்து 10 அடி இருந்தால் பார்வை அறுபடும்; 4 அடிக் கரைமேல் 6 அடி நொச்சி அதற்குப் போதும். கரை புது வீட்டுப் பக்கம் நெருங்க நெருங்க இன்னும் உயரம் கேட்கும். சாலை இரைச்சலைக் குறைப்பதும் இந்த நேர்ப்பார்வையை மண் அறுப்பதால்தான். ஒற்றை வரிசை மரம் மட்டும் ஒலியை ஏறக்குறையத் தடுப்பதே இல்லை.

செடி என்றதும் ஒன்று. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களை, சுற்றி நிற்கும் முள்கிளுவை வேலியும், இரு பக்கமும் வேலி அடர்ந்த இட்டேரி என்னும் தடங்களும் இந்தப் பகுதியில் ஏற்கெனவே இருக்கும் மறைப்பு முறைகள். கரை எழுப்ப இடமில்லாத எல்லைகளில் அவையே போதும். அவற்றுக்கு ‘உயிர்வேலி’ என்ற சொல் நன்றாக வழங்குகிறது. அதை மறைப்புக்கரையோடு குழப்பக் கூடாது. கரையின்மேல் நட்டால் ‘மறைப்பு நடவு’ என்று சொல்லலாம். நடவுக்கு முன்பே மேல்மண்ணை வழித்து ஒதுக்கி வைத்து, கரையின் உடலை அடுக்கடுக்காகப் பரப்பி உருளையால் இறுக்கி, கடைசி ஓர் அடியை மட்டும் இறுக்காமல் அந்த மேல்மண்ணாலேயே மூட வேண்டும். கரிசல் மண்ணால் மட்டும் கட்டினால் கோடையில் பிளந்து, மழையில் உப்பிச் சரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று மேற்குச் சரிவை விரைவில் உலர்த்துவதால் அங்கே வெட்டிவேரோ கொழுக்கட்டைப்புல்லோ முதலில் வேர்பிடிக்க வேண்டும்.

உறுப்புகளுக்குக் ‘கரைத்தலை’, ‘உட்சரிவு’, ‘வெளிச்சரிவு’ என்பவை ஏரிக்கரை வழக்கை ஒட்டி எளிதாக அமைகின்றன. கரையின் அடியில் மழைநீரை வாங்கிக் கொண்டுபோகும் ஆழமற்ற, புல் வளர்ந்த பள்ளத்துக்கு மட்டும் நம் குழுமத்தில் இன்னும் சொல் வரவில்லை. இது மிகவும் முக்கியமான உறுப்பு. நிலத்தின் இயல்பான சாய்வை ஒரு கரை மறித்துவிட்டால், ஐப்பசி மழையில் மேல்தோட்டத்து நீர் வழியின்றித் தேங்கி அண்டைவீட்டாரின் தென்னந்தூர்களை ஊறவைக்கும். பார்வையை மறைக்கக் கட்டியது வழக்காக மாறும். ‘கரையடி ஓடை’ என்று நான் எழுதிவருகிறேன். ஓடை என்றால் இயற்கை நீரோட்டம் என்று நினைப்பவர்கள் ‘கரையடிப் பள்ளம்’ என்பதைக் கருதலாம். ஆனால் பள்ளம் என்பது நீர் நிற்கும் இடமாகவும் தொனிப்பதால் என் விருப்பம் ஓடைதான்.

பதிவுக்கான வரையறையை இப்படி அமைக்கலாம்: “மறைப்புக்கரை – குடியிருப்பு, சாலை, ஆலை ஆகியவற்றை அண்டை நிலத்தின் பார்வையிலிருந்து மறைக்கும்பொருட்டு எல்லையோரத்தில் சரிவோடு கட்டி, மேலே நடவு செய்யப்பட்ட நீண்ட மண்கரை, நீரைத் தேக்காது, அடியில் கரையடி ஓடை கொண்டிருக்கும்.” ஆலை என்பதையும் சேர்த்ததற்குக் காரணம், திருப்பூர்ப் பக்கம் வீடுகளைவிடச் சாயப்பட்டறைகளையும் நூற்பாலைகளையும் ஒட்டியே இந்தக் கேள்வி அதிகம் எழுகிறது. இதில் திருத்தம் இருப்பவர்கள், குறிப்பாக நீர்வளத் துறையிலும் தோட்டக்கலையிலும் பணிபுரிபவர்கள், ‘கரைப்படி’, ‘கரையடி ஓடை’ இரண்டையும் தங்கள் களத்தில் சொல்லிப் பார்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.