உதவி: கவுன்சில் வீட்டில் பூஞ்சணம், அம்மாவின் கேயரும் ஒழுங்கில்லை. யாரிடம் முறையிடுவது?

மூன்றாம்மாடி:
இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டில், அதாவது உள்ளாட்சி சபை வாடகைக்குத் தரும் வீட்டில் இருக்கிறோம், வீடு அம்மாவின் பெயரில். அம்மாவுக்கு 78 வயது, ஆஸ்துமா, சர்க்கரை, ஃபிரேம் பிடித்துத்தான் நடப்பார். அவர் படுக்கும் அறையில் அலுமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். ரிப்பேர் லைனுக்கு அடித்தால் யாராவது வந்து மருந்து தெளித்து வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டுப் போகிறார்கள், குளிர் தொடங்கியதும் பழையபடி. கடைசியாக வந்தவர் ஜன்னலைத் திறந்து வையுங்கள், உடுப்பை உள்ளே காயப்போடாதீர்கள் என்று ஒரு துண்டுப்பிரசுரத்தையும் கையில் தந்தார்.

மற்றது கேயர், அதாவது வீட்டுக்கு வந்து அம்மாவைப் பராமரிக்கும் சேவை. காலையும் மாலையும் வரவேண்டிய கேயரர் காலையில் பதினொரு மணிக்கு வந்தால் அம்மா எப்போது சாப்பிடுவது, எப்போது மாத்திரை போடுவது? மாலையில் அரை மணி நேரம் என்று கேயர் பிளானில் இருக்கிறது, பத்து நிமிடத்தில் போய்விடுகிறார்கள். கேயரரை அனுப்பும் ஏஜென்சியைக் கேட்டால் கவுன்சிலைக் கேள் என்கிறது, கவுன்சிலைக் கேட்டால் ஏஜென்சியைக் கேள் என்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து ஹவுசிங் ஆபீசுக்கு நீண்ட இமெயில் போட்டேன், உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம் என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். அடுத்து என்ன செய்வது?

பழையகுடியிருப்பாளர்:
தம்பி, முதலில் இரண்டையும் பிரியுங்கள். ஒரே இமெயிலில் போட்டால் இரண்டு ஆபீசும் மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிடும். கடைசியில் போய் நிற்கும் இடமும் வேறு வேறு. ஒம்புட்ஸ்மன் என்றால் முறைப்பாட்டை விசாரிக்கும் சுயாதீன அமைப்பு. கவுன்சில் வீட்டு ரிப்பேர் என்றால் ஹவுசிங் ஒம்புட்ஸ்மன். கேயர் என்றால் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன். கவுன்சில் வீட்டுக்குக் காத்திருப்போர் பதிவில் எத்தனை புள்ளி, வேறு வீடு ஏன் தரவில்லை என்பதும் இந்த இரண்டாவது ஆளிடம்தான், இதில் நிறையப் பேர் குழம்புவார்கள். இரண்டுக்கும் காசு இல்லை. ஆனால் முதலில் கவுன்சிலின் சொந்த முறைப்பாட்டு வழியால் போயிருக்கவேண்டும், பிரச்சினை தெரிந்து 12 மாதத்துக்குள் தொடங்குவது நல்லது.

அடுத்தது, ரிப்பேர் லைனுக்கு எத்தனை தரம் அடித்தாலும் அது முறைப்பாடாகப் பதிவாகாது. இது முதல்கட்ட முறைப்பாடு என்று எழுத்தில் சொல்லுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து இதற்குச் சட்ட வலுவுள்ள விதிமுறை இருக்கிறது: கிடைத்தது என்று 5 வேலைநாளுக்குள் சொல்லவேண்டும், அதிலிருந்து 10 வேலைநாளுக்குள் பதில் தரவேண்டும். திருப்தி இல்லையென்றால் இரண்டாம் கட்டம் கேளுங்கள், அதற்கு 20 வேலைநாள். கூடுதல் நாள் வேண்டுமென்றால் காரணத்தோடு அறிவிக்கவேண்டும். அதற்குப் பிறகு நேரே ஒம்புட்ஸ்மன். முன்பு கவுன்சிலர் அல்லது எம்பி வழியாகப் போ, இல்லையென்றால் எட்டு வாரம் காத்திரு என்று இருந்தது, 2022 ஒக்டோபரோடு அது போய்விட்டது.

பூஞ்சணத்துக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. ரோச்டேலில் 2020இல் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் பூஞ்சண வீட்டில் இருந்து இறந்த பிறகு வந்த அவாப் சட்டம், 2025 ஒக்டோபர் 27இலிருந்து சமூக வீடுகளுக்கு நடைமுறையில். உடல்நலத்துக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்து என்றால் 10 வேலைநாளுக்குள் வந்து ஆராயவேண்டும், முடிந்து 3 வேலைநாளுக்குள் என்ன கண்டார்கள் என்று எழுத்தில் தரவேண்டும், 5 வேலைநாளுக்குள் ஆபத்தை நீக்கவேண்டும். முடியாவிட்டால் தற்காலிகமாக வேறு இடம் தர முன்வரவேண்டும். அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரம். இருப்பவரின் வயதும் நோயும் இதில் கணக்கு, அதனால் அம்மாவின் ஆஸ்துமாவை முதல் வரியிலேயே போடுங்கள், ஜிபியிடம், அதாவது குடும்ப வைத்தியரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள்.

ஜன்னலைத் திற என்ற கதைக்கு: குடியிருப்பவரின் வாழ்க்கைமுறை என்று பழி போடாதீர்கள் என்று ஹவுசிங் ஒம்புட்ஸ்மனே 2021இல் அறிக்கை விட்டது. அந்தத் துண்டுப்பிரசுரம் அடிக்கிற காசுக்கு ஒரு எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் போட்டிருக்கலாம்.

தெற்குக்கரை:
எதற்கு இவ்வளவு? வாசலில் வந்து தட்டுகிறார்களே, வென்றால்தான் காசு என்று, அந்த சொலிசிட்டர் ஒருவரிடம் கொடுத்துவிட்டால் முடிந்தது.

பழையகுடியிருப்பாளர்:
கதவு தட்டுகிறவரிடம் கையெழுத்து வைக்காதீர்கள். பின்வாங்கினால் யார் செலவு கட்டுவது என்பது சின்ன எழுத்தில் இருக்கும். வழக்கு கோர்ட்டுக்குப் போய்விட்டால் அதே விஷயத்தை ஒம்புட்ஸ்மன் பொதுவாக எடுக்கமாட்டார். வழக்குப் போடவே கூடாது என்றில்லை, 1985 வீட்டுக்காரர்-குடியிருப்பாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவில் திருத்த வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருக்கு, அதாவது கவுன்சிலுக்கு. ஆனால் இலவச ஆலோசனை தரும் ஷெல்டர் அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸ் தொண்டு அமைப்பிடம் பேசிவிட்டுப் போங்கள். வாடகையை மட்டும் நிறுத்தவேண்டாம், கோபத்தில் பலர் அதைத்தான் செய்கிறார்கள், பிறகு பாக்கி என்ற ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

காலைஷிஃப்ட்:
நான் கேயரராக வேலை செய்கிறேன், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் முடித்து அடுத்த வீட்டுக்குப் பஸ்ஸில் போகும் நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் ரோட்டா (வேலை அட்டவணை) போடுவார்கள், பிந்துவது அந்தப் பிள்ளையின் பிழை என்று மட்டும் நினைக்காதீர்கள். அதற்காக அம்மா பட்டினி கிடக்கவும் கூடாது.

வந்த நேரம், போன நேரம் இரண்டும் பல ஏஜென்சிகளில் போனில் பதிவாகும். அந்தப் பதிவைக் கேளுங்கள். நீங்களும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு பிளானோடு ஒப்பிட்டுக் கவுன்சிலின் சமூகப் பராமரிப்புப் பிரிவுக்கு முறையிடுங்கள். ஏஜென்சியை ஏற்பாடு செய்தது கவுன்சில் என்றால் பொறுப்பும் கவுன்சிலுடையதுதான், ஏஜென்சியைக் கேள் என்று தட்டிக்கழிக்க முடியாது. இந்த வழியில் 3 வேலைநாளுக்குள் கிடைத்தது என்று சொல்லவேண்டும். முடிவுக்கு ஹவுசிங் போல இறுக்கமான கெடு இல்லை, அதனால் எப்போது பதில் வரும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கூடவே கேயர் பிளானை மீளாய்வு செய்யச் சொல்லுங்கள், சர்க்கரை மாத்திரைக்கு நேரம் முக்கியம் என்று காலை நேரத்தைப் பிளானிலேயே எழுத வையுங்கள். கேயர் ஏஜென்சிகளைக் கண்காணிக்கும் அமைப்பான சிக்யூசிக்கும் சொல்லலாம், ஆனால் அவர்கள் தனி ஆளின் முறைப்பாட்டைத் தீர்ப்பதில்லை, ஏஜென்சியைச் சோதிக்கும்போது பார்ப்பார்கள்.

மூன்றாம்மாடி:
நன்றி அக்கா, அண்ணா. சிக்கல் என்னவென்றால் அம்மா வேண்டாம் என்கிறார். முறையிட்டால் கேயரை நிறுத்திவிடுவார்கள், வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்று பயம். இங்கே கவுன்சிலோடு பகைத்து வாழ முடியுமா என்கிறார். அவருக்கு ஆங்கிலமும் வராது.

பழையகுடியிருப்பாளர்:
அந்தத் தலைமுறைக்கு ஆபீஸ் என்றாலே பயம், ஊரில் பட்டது அப்படி. அம்மாவுக்குச் சொல்லுங்கள்: கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரும் அவரை எழுப்ப முடியாது, முறையிட்டது அதற்கு ஒரு காரணமும் ஆகாது. அவர் சார்பில் நீங்கள் பேசலாம் என்று கையெழுத்திட்ட ஒரு சின்னக் கடிதம் போதும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள்.

காலைஷிஃப்ட்:
கேயரையும் கோபத்தில் வெட்ட முடியாது, 2014 கேயர் சட்டப்படி தேவை இருந்தால் கவுன்சில் அதை நிறைவேற்றவேண்டும். தேவை மாறியிருக்கிறது என்று மறுபடி மதிப்பிடாமல் குறைக்கவும் கூடாது. மீளாய்வுக்கு வரும்போது அம்மா வழக்கம்போல எல்லாம் நல்லாயிருக்கு என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார், நீங்கள் பக்கத்தில் இருங்கள். தம்பி, மிச்ச நேரம் அம்மாவைப் பார்ப்பது நீங்கள்தானே? உங்களுக்கும் தனியாகக் கேயரர் மதிப்பீடு கேளுங்கள், வீட்டில் ஒருவரைப் பார்க்கும் குடும்பத்தவருக்கு என்ன உதவி வேண்டும் என்று கவுன்சில் பார்ப்பது அது.

மூன்றாம்மாடி:
நான் முழுநேர வேலை. அப்படியும் கேட்கலாமா?

காலைஷிஃப்ட்:
கேட்கலாம். வேலைக்குப் போகிறீர்களா, தொடர்ந்து போக விருப்பமா என்று அவர்களே கேட்பார்கள், அதுவும் மதிப்பீட்டில் ஒரு பகுதி. கேயர் முறைப்பாட்டுக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.