பி.எல்.சி ப்ராஜெக்ட் கோப்புகளில் நாங்கள் மாட்டிக்கொண்ட கதைகள்

பி.எல்.சி என்றால் ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி. அதற்கு நிரல் எழுதுவதை எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். எழுதியதை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை, பட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

ஒரு கலவை லைனில் சின்ன வேலை. ஒரு வால்வுக்கு இன்டர்லாக் (நிபந்தனை சரியில்லாதபோது இயங்கவிடாத பூட்டு) சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். கன்ட்ரோலர் (அதாவது பி.எல்.சி) ராக்வெல்லின் கன்ட்ரோல்லாஜிக்ஸ், அதற்கு நிரல் எழுதும் மென்பொருள் ஸ்டுடியோ 5000. என் லேப்டாப்பில் எட்டு மாதத்துக்கு முந்தைய ஏசிடி கோப்பு, அதாவது அந்த மென்பொருளின் ப்ராஜெக்ட் கோப்பு, இருந்தது. இடையில் நிரலில் யாரும் கை வைக்கவில்லை என்பது உறுதியாகத் தெரியும். அதனால் அதிலேயே ஆஃப்லைனில் நாலு வரி சேர்த்து, ஷட்டவுன் நேரத்தில் கன்ட்ரோலருக்கு டவுன்லோட் செய்துவிட்டேன். இன்டர்லாக் அருமையாக வேலை செய்தது. லைன் ஓடத் தொடங்கியதும் எடை எதுவும் ஒத்து வரவில்லை.

ஏசிடி கோப்பில் லாஜிக் மட்டும் இருப்பதில்லை, கடைசியாகச் சேமித்த நேரத்து டேக் (நிரலில் பெயர் வைத்த மாறி) மதிப்புகளும் இருக்கும். டவுன்லோட் செய்தால் அவையும் சேர்ந்தே கன்ட்ரோலருக்குப் போகும். எட்டு மாதமாக ஆபரேட்டர்கள் திரையிலிருந்து பார்த்துப் பார்த்துத் திருத்திய செட்பாயின்ட்கள் (இலக்கு மதிப்புகள்), எடைக்கருவியின் காலிபரேஷன் எண்கள், டோட்டலைசர் (மொத்த அளவைக் கூட்டிவைக்கும் கணக்கு) எல்லாம் ஒரே நொடியில் பழைய நிலைக்குப் போய்விட்டன. மூத்த ஆபரேட்டர் ஒருவர் தன் ஷிஃப்ட் நோட்டில் மதிப்புகளைக் கையால் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டைப் பார்த்து விடியும்வரை ஒவ்வொன்றாக அடித்தோம். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போதெல்லாம் முதலில் கன்ட்ரோலரில் இருப்பதை அப்லோட் செய்து, டேக் மதிப்புகளோடு சேமித்து, தேதி போட்டு ஒரு பிரதி எடுத்து வைத்த பிறகுதான் மற்ற வேலை.

கமிஷனிங் பொறியாளர் ஒருவர்:

என்னுடையது சின்னக் கதை. சைட்டில் நிற்கிறேன், டி.ஐ.ஏ போர்ட்டல் (சீமென்ஸின் பி.எல்.சி மென்பொருள்) ப்ராஜெக்ட் வேண்டும் என்று அலுவலகத்துக்குப் போன் செய்தேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ‘ஏபி17’ என்று முடியும் ஒரே ஒரு கோப்பை மெயிலில் அனுப்பிவிட்டு ‘அனுப்பிட்டேன் சார்’ என்றார். ப்ராஜெக்ட் என்பது முழுக் கோப்புறை. அந்தக் கோப்பு வெறும் வாசல்தான், வீடு உள்ளே இருக்கிற துணைக் கோப்புறைகளில் இருக்கிறது. மென்பொருளுக்குள்ளேயே ஆர்க்கைவ் செய்தால் எல்லாம் ‘இசட்ஏபி17’ என்று ஒரே கோப்பாக வரும், அதை அனுப்பச் சொல்லி மறுபடி வாங்கினேன். மின் வரைபடம் போடும் இப்லானிலும் இதே கூத்துதான்: ‘இஎல்கே’ கோப்பை மட்டும் நகலெடுத்தால் வரைபடம் ஒன்றும் வராது, பக்கத்தில் இருக்கிற ‘இடிபி’ கோப்புறையும் வேண்டும். கோடெசிஸ் (இன்னொரு பி.எல்.சி மென்பொருள்) என்றால் ப்ராஜெக்ட் ஆர்க்கைவாக எடுங்கள், லைப்ரரியும் சாதன விவரக் கோப்புகளும் கூடவே வந்துவிடும்.

அப்புறம் ஒன்று. பழைய பதிப்பில் செய்ததைப் புதிய பதிப்பில் திறந்து மேம்படுத்திவிட்டால் அது பழையதில் திறக்காது. பிளாண்டில் எந்தப் பதிப்புக்கு லைசென்ஸ் இருக்கிறது என்று கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர்:

உங்களுக்காவது பழைய கோப்பு இருந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. லைனை அமைத்துக் கொடுத்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது, ஒப்படைத்த சிடியைக் காணோம். இருந்தது ஓடிக்கொண்டிருந்த ஒரு எஸ்7-300 (சீமென்ஸின் பழைய தலைமுறை பி.எல்.சி) மட்டும்தான். அதிலிருந்து அப்லோட் செய்தோம். பிளாக்குகள் வந்தன, சிம்பல்களும் (முகவரிகளுக்கு வைத்த பெயர்கள்) கமென்ட்களும் வரவில்லை. அந்தத் தலைமுறை சிபியுவில் அவை இருக்காது, பொறியாளரின் கணினியில் இருக்கும் ப்ராஜெக்ட்டில்தான் இருக்கும். புதிய தலைமுறையான எஸ்7-1500 வந்த பிறகு இந்தத் தொல்லை இல்லை.

திரை முழுக்க எம்20.3, எம்41.0, டிபி12 என்று வெறும் முகவரிகள். இன்புட் அவுட்புட்டுக்கு வயரிங் படத்தைப் பார்த்துப் பெயர் வைத்துவிடலாம். மெமரி பிட்டுகளுக்கு எந்தப் படமும் கிடையாது. மோட்டாரை ஓட்டிப் பார், சென்சாரை மறைத்துப் பார், எது மாறுகிறது என்று கவனி, பெயர் வை. மூன்று வாரம் இதே வேலை. கடைசியில் ஒரு பிட்டுக்கு மட்டும் ‘தெரியாதது_7’ என்றே பெயர் வைத்துவிட்டோம். முதல் ஆறுக்கும் விடை கிடைத்தது.

இன்னொருவர்:

எங்கள் குழுவில் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் மென்பொருள்) பயன்படுத்திப் பார்த்தோம். பைனரி கோப்பை அப்படியே போட்டால் ‘மாறியிருக்கிறது’ என்று மட்டும் சொல்லும், எந்த ரங் (லேடர் நிரலின் ஒரு வரி) மாறியது என்று சொல்லாது. ஸ்டுடியோ 5000-இலிருந்து எல்5எக்ஸ் ஆக எக்ஸ்போர்ட் செய்து போட்டால் அது உரை என்பதால் வரிவரியாக ஒப்பிடலாம். அதைச் செய்ய எல்லோருக்கும் பொறுமை வேண்டும், இல்லை. இப்போது மாற்றியவர், தேதி, காரணம் என்று ஒரு உரைக் கோப்பு மட்டும் ஆர்க்கைவ் பக்கத்திலேயே வைக்கிறோம். மட்டமான முறைதான், ஆனால் நடக்கிறது.

அந்த ‘தெரியாதது_7’-ஐ கிராஸ் ரெஃபரன்ஸில் (நிரலில் எது எங்கே பயன்படுகிறது என்ற பட்டியல்) பார்த்தீர்களா?

பராமரிப்புப் பிரிவிலிருந்து:

பார்த்தோம். நிரல் அந்த பிட்டில் ஓரிடத்தில் எழுதுகிறது, எங்கேயும் படிக்கவில்லை. ஸ்காடா (வெளியிலிருந்து ஆலையைக் கண்காணிக்கும் மென்பொருள்) படித்தால் அந்தப் பட்டியலில் தெரியாதே, அதனால் அழிக்கக் கை வரவில்லை. இன்னும் அப்படியே இருக்கிறது.