26 வாரச் சம்பளம்: முதலாளி தலையிலா, ஈஎஸ்ஐ தலையிலா?

பட்டறைக்காரன்: பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் மாதம் 30,000 வாங்கும் பெண் பேறுகால விடுப்பில் போனால், 26 வாரத்துக்குச் சுமார் 1,80,000 ரூபாய் முதலாளி கையிலிருந்து போகிறது. மாற்றாள் சம்பளம் தனி. பேறுகாலச் சட்டத்தின் 2017 திருத்தம் 12 வாரத்தை 26 ஆக்கியதே தவிர, பணத்துக்கு வழி சொல்லவில்லை. கல்யாணமான பெண்களை நேர்காணலிலேயே கழித்துவிடுவது இதனால்தான். பழையபடி 12 போதும்.

சம்பளப்பட்டியல்: வாரத்தை ஏன் குறைக்கணும்? மாதம் 21,000 வரை வாங்குபவருக்கு ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, தருகிறதே. அதற்கான மாதச் சந்தா, 20,000 சம்பளத்துக்கு நிறுவனம் 3.25%, அதாவது 650, தொழிலாளி 0.75%, அதாவது 150. பேறுகாலச் சம்பளம் முழுக்க ஈஎஸ்ஐ பொறுப்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சந்தா என்பதால் பெண்ணைக் கழிக்க முகாந்திரமே இல்லை. வரம்புக்கு மேலே உள்ளவர்களுக்கும் இதே ஏற்பாடு வரட்டும்.

பட்டறைக்காரன்: ஏட்டில் சரி. மே மாதம் சம்பளம் 20,500இலிருந்து 21,500 ஆனால் ஈஎஸ்ஐ போச்சு. டிசம்பர் பிரசவம் மறுபடி என் தலையில்.

சந்தாக்கணக்கு: போகாது சார். சந்தாக் காலம் ஆறாறு மாதம்: ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச். நடுவில் வரம்பு தாண்டினாலும் செப்டம்பர் 30 வரை முழு 21,500க்கும் கட்டணும்: நிறுவனம் 699, தொழிலாளி 162. டிசம்பர் என்பது ஜூலை–டிசம்பர் பலன் காலம், அதாவது கட்டிய சந்தாவுக்குப் பலன் பெறும் ஆறு மாதம். அது முந்தைய அக்டோபர்–மார்ச் சந்தாவில் வருவது. முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் சந்தா கட்டிய நாள் 70 இருந்தால் ஈஎஸ்ஐதான் தரும்.

கெடுவது வேறு இடத்தில். 'வரம்பு தாண்டினார்' என்ற காரணத்தை ஈஎஸ்ஐ போர்ட்டல் ஏப்ரல், அக்டோபரில் மட்டுமே ஏற்கும். உடனே பெயரை எடுக்க நினைக்கும் கணக்காளர் மே மாதமே 'வேலையை விட்டார்' என்று போட்டுவிடுகிறார். நாள் கணக்கு அதோடு நின்றது. ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய காப்பீட்டு எண்ணைக் கேட்காமல் புது எண் போடுவதும் இதே ரகம். 70 நாள் இரண்டு எண்ணில் சிதறிக் கிடக்கும். நோய் விடுப்பில் இந்த அடி இன்னும் பலம்: ஒரே சந்தாக் காலத்தில் 78 நாள் வேணும், கிடைப்பதும் சம்பளத்தில் 70%தான்.

பட்டறைக்காரன்: டிசம்பர் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 60,000 சம்பளக்காரருக்கும் 3.25% என்றால் மாதம் 1,950. அவர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே மாட்டார்.

சம்பளப்பட்டியல்: மருத்துவத்தைக் கழித்து, பேறுகாலத்துக்கு மட்டும் தனிச் சந்தா வைக்கலாமே.

பட்டறைக்காரன்: அது எத்தனை சதவீதம் என்று முதலில் போட்டுக் காட்டுங்கள். அதுவரை 12 வாரம்தான் என் கட்சி.