ஜிசி-யில் (கேஸ் குரோமடோகிராஃபி) ரிடென்ஷன் டைமை, அதாவது ஒரு பொருள் குழாயை விட்டு வெளிவரும் நேரத்தை, ஓட்டாமலே கணிக்க வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. யூகலிப்டஸ் எண்ணெயை 30 மீட்டர் டிபி-5 கேப்பிலரியில் (பொருட்களைப் பிரிக்கும் மெல்லிய குழாய்) ஓட்டுகிறேன், எஃப்ஐடி (தீச்சுடர் அயனியாக்க) டிடெக்டர். நிமிடத்துக்கு 3 டிகிரி இருந்த ரேம்ப்பை (வெப்பநிலை ஏற்றும் வேகத்தை) 8 ஆக்கச் சொல்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிய வேண்டுமாம்! லிமோனீனும் சினியோலும் இதில் 1030 ரிடென்ஷன் இண்டெக்ஸை (ஆல்கேன்களோடு ஒப்பிட்டு, பொருள் வெளிவரும் இடத்தைச் சொல்லும் எண்) ஒட்டித் தோளுரசி வருபவை. என் கவலையே அந்த ஜோடிதான்.

ஆல்கேன் கலவை ஓட்டி இண்டெக்ஸ் எடுத்தாயிற்று. ஆனால் ரேம்ப் மாறினால் அதுவும் லேசாக நகர்கிறதே. அப்புறம் எதை நம்புவது?

ஐசோதெர்மலாக (வெப்பநிலையை மாற்றாமல்) சில ரன் போட்டு, ரிடென்ஷன் ஃபேக்டரின் (பொருள் கூடுதலாகத் தங்கும் நேரத்தை டெட் டைமால் வகுத்தது) லாகரிதத்தைக் கெல்வினின் தலைகீழ் மதிப்புக்கு எதிராக வரைந்து, அந்தக் கோட்டிலிருந்து கணக்கிடலாம் என்று நினைக்கிறேன். மூன்று வெப்பநிலை போதுமா? டெட் டைமுக்கு (குழாயில் தங்காத பொருள் வெளிவரும் நேரம்) மீத்தேன் சரிதானே? எக்செல்லில் இதைச் செய்தவர்கள் இருந்தால் ஷீட்டைப் பகிருங்களேன்.