புதுப்பிப்பு: 40 எரிடானியின் மங்கலான ஜோடி பிரிந்து தெரிந்தது

எரிடானஸ் விண்மீன் குழுவில் உள்ள 40 எரிடானி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தெரியும் மங்கலான புள்ளி ஒன்றா, இரண்டா என்று போன இழையில் கேட்டிருந்தேன். இரண்டுதான். காற்று அசையாத ஓர் இரவில் உருப்பெருக்கத்தைக் கூட்டியதும் தெளிவாகப் பிரிந்தன.

முதன்மை நட்சத்திரத்துக்கு ஏ என்றும், இந்த ஜோடிக்கு பி, சி என்றும் பெயர். பி சுமார் 9.5 ஒளிர்வெண் (எண் கூடக்கூட மங்கல்), சி 11-ஐத் தாண்டும். 1783-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் இந்த ஜோடியைப் பதிவு செய்தார். ஒன்றையொன்று சுற்ற ஏறக்குறைய 230 ஆண்டுகள். அவர் பார்த்ததற்கு அப்புறம் ஒரு சுற்றுதான் முடிந்திருக்கிறது!

எனக்கு மிகவும் பிடித்தது பி. 1910-இல் வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் இதன் நிறமாலை (ஒளியை நிறங்களாகப் பிரித்த பதிவு) பற்றி ஹார்வர்டு வானாய்வகத் தலைவர் பிக்கரிங்கிடம் கேட்க, அங்கே பணியாற்றிய வில்லியமினா ஃப்ளெமிங் தேடிப் பார்த்து 'ஏ' வகை, அதாவது வெப்பமான வெண்ணிற நட்சத்திர வகை என்றார். அவ்வளவு வெப்பமான நட்சத்திரம் இத்தனை மங்கலாக இருக்கக் கூடாதே! காரணம், அது மிகச் சிறியது: நிறை சூரியனில் பாதிக்குச் சற்று மேல், அளவோ ஏறத்தாழ பூமியளவு. முதலில் அடையாளம் கண்ட வெள்ளைக் குள்ளன் (எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தின் சுருங்கிய மையம்) இதுதான். சி ஒரு சிவப்புக் குள்ளன், அதாவது சிறிய, வெப்பம் குறைந்த நட்சத்திரம்.

தேடுபவர்கள் ஓரியன் விண்மீன் குழுவின் பிரகாசமான நட்சத்திரமான ரைஜலிலிருந்து மேற்கே போங்கள். முதன்மை நட்சத்திரம் ஏ வெறுங்கண்ணுக்கே தெரியும். ஜோடியைப் பிரிக்க ஆறு அங்குலத் தொலைநோக்கியாவது வைத்துக்கொள்ளுங்கள், நிலா இல்லாத இரவாகப் பாருங்கள்.